முதலில் காணியின் கடதாசி, பிறகு வீட்டின் பிளான்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அப்பாவின் பெயரில் ஆறு பேர்ச் காணி இருக்கிறது. அதில் பழைய ஓட்டு வீடு. அப்பா காலமாகிவிட்டார், அண்ணன் கனடாவில், நீங்களும் அம்மாவும் இங்கே. பழைய வீட்டை இடித்துவிட்டு மேல்மாடியுடன் புதிதாகக் கட்ட என்னென்ன அனுமதி வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கவலை கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. "மழைக்கு முன் அத்திவாரத்தைப் போடுவோம், பிளானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மேசன் பாஸ் சொல்கிறார். "ஆள் பிடிக்காமல் மாநகர சபையில் ஒன்றும் நகராது" என்று சொந்தக்காரர் சொல்கிறார். இவர்களை நம்பலாமா?

இரண்டையும் நம்ப வேண்டாம். நான் கட்டடப் பொறியியலாளர். கொழும்பிலும் தெஹிவளையிலும் வீட்டுப் பிளான்களைத் தயாரித்துச் சபைகளில் சமர்ப்பிப்பதும், அவை திரும்பி வந்தால் ஏன் வந்தன என்று பார்ப்பதும் என் அன்றாட வேலை. அதை வைத்துத்தான் எழுதுகிறேன். காணி உறுதி, முதுசம், பங்கு பற்றிய இடங்களில் மட்டும் சட்டத்தரணியின் சொல்லே முடிவு, என் சொல் அல்ல.

முதலில் பாஸ் சொன்னதைப் பார்ப்போம். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தக் கட்டுமானத்தையும் தொடங்க முடியாது. கொழும்பு மாநகரம் முழுவதும் அப்படிப்பட்ட பிரதேசம்தான். வீடு சின்னது, காணி சொந்தம், ஒழுங்கை உள்ளே இருக்கிறது என்பதெல்லாம் விலக்கு ஆகாது. ஒழுங்கை ஓரத்தில் கட்டும் மதிலுக்கும் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் தொடங்கினால் வேலையை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வரும். அதையும் மீறினால் அதே சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்கான கட்டளை கேட்க அதிகாரம் உண்டு. கட்டி முடித்த பிறகு அனுமதி கேட்டு, அபராதம் போன்ற கூடுதல் கட்டணத்தைச் செலுத்தித் தப்பியவர்களும் இருக்கிறார்கள். பாஸ் மனதில் வைத்திருப்பது அவர்களைத்தான். ஆனால் அந்த வழி திறப்பது, கட்டியது எல்லாம் விதிக்குள் பொருந்தினால் மட்டுமே. பின்பக்கம் விட வேண்டிய இடத்தில் தூணை நிறுத்திவிட்டால் எவ்வளவு பணம் கட்டினாலும் தூண் நகராது. பாஸுக்கு அன்றைய கூலி கிடைத்துவிடும், அறிவித்தல் வருவது உங்கள் அம்மாவின் பெயருக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் வீட்டுப் படத்தில் தொடங்குகிறார்கள். எத்தனை அறை, எந்தப் பக்கம் பல்கனி, சாமியறை எங்கே என்று மாதக்கணக்கில் பேசிவிட்டுத்தான் உறுதியை வெளியே எடுக்கிறார்கள். என் அனுபவத்தில் பிளான் தடைப்படுவது அறைகளால் மிகக் குறைவு, காணியின் கடதாசிகளால்தான் அதிகம். ஆகவே படவரைஞரிடம் போவதற்கு முன் இந்த ஆறு பேர்ச் காணி சட்டத்தின் கண்ணில் யாருடையது, எவ்வளவு, அதில் எவ்வளவு பகுதி கட்டுவதற்கு மிஞ்சும் என்ற மூன்றையும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

யாருடையது என்பது உங்கள் விஷயத்தில் உண்மையாகவே சிக்கலான இடம். விண்ணப்பத்தில் காணி உரிமையாளர் கையொப்பமிட வேண்டும். உறுதியில் இருப்பவர் இப்போது இல்லை. அப்பா மரணசாசனம் எழுதி வைத்தாரா? எழுதவில்லையென்றால் பங்கு எப்படிப் பிரியும் என்பது, உங்கள் குடும்பத்துக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துமா அல்லது பொதுச் சட்டமா என்பதைப் பொறுத்தது. காணி கொழும்பில் இருப்பதால் மட்டும் தேசவழமை இல்லாமல் போய்விடாது, அது ஆளைத் தொடர்ந்து வரும் சட்டம். நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு வைக்க வேண்டுமா, உரித்தாளிகள் எல்லாரும் சேர்ந்து ஓர் உறுதி எழுதினால் போதுமா என்பதை நொத்தாரிசு ஒருவர் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அண்ணன் நேரில் வர முடியாவிட்டால் தனக்காகக் கையொப்பமிட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவத்தைக் கனடாவிலுள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயம் மூலம் அனுப்பலாம். அதை இங்கே பதிவு செய்த பிறகே பயன்படுத்துங்கள். அண்ணனுக்கும் உங்களுக்கும் நல்ல ஒற்றுமை என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். அந்த ஒற்றுமை இருக்கும்போதே எழுத்தில் வைத்துவிடுங்கள். பிரிக்காத பங்குக் காணியில் ஒருவர் தன் காசில் மாடி வீடு கட்டிவிட்டு, பிறகு பங்கு வழக்கில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தேடுதலோடு சேர்த்தே மாநகர சபையில் மதிப்பீட்டு வரிப் பதிவில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல பழைய வீடுகளில் அப்பாவுக்கு விற்றவரின் பெயரே இன்னும் இருக்கும். நிலுவை இருந்தால் கட்டி முடித்து, பெயரை மாற்றுங்கள். வரி நிலுவைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ காணி சபைக்கு உரித்தாகவில்லை என்று சபையே ஒரு சான்றிதழ் தரும். வங்கிக் கடன் எடுப்பதானால் வங்கியும் அதைக் கேட்கும்.

எவ்வளவு என்பதற்குப் பழைய சேவையர் பிளானை நம்ப வேண்டாம். பதிவு செய்யப்பட்ட நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளக்கச் செய்யுங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு காணி. உறுதியில் இருந்ததை விடப் புதிய அளவில் கால் பேர்ச் குறைந்தது. எல்லைக்கல்லைத் தேடிப் பின்பக்கத்துக் குப்பைமேட்டைக் கிண்டிப் பார்த்தால் கல், பக்கத்து வீட்டின் சமையலறைச் சுவருக்கு அடியில் இருக்கிறது. சுவருக்கு வயது எத்தனை என்பது இரு வீட்டாருக்கும் தெரியவில்லை. இப்படி ஒன்று வந்தால் மாநகர சபை தீர்த்து வைக்காது. எல்லைத் தகராறு சிவில் நீதிமன்றத்தின் வேலை, சபை பார்ப்பது கையில் உள்ள பிளானை மட்டுமே. அளந்த அன்றே தெரிந்தால் பக்கத்து வீட்டாரோடு பேசித் தீர்க்கலாம், அல்லது மிச்சமுள்ள இடத்துக்குள் வீட்டை வரையலாம். அத்திவாரம் வெட்டிய பிறகு தெரிந்தால் இரண்டுக்கும் வழியில்லை.

ஆறு பேர்ச் என்பதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பேர்ச் ஒன்று ஏறக்குறைய 25.3 சதுர மீற்றர். ஆறு பேர்ச் 150 சதுர மீற்றரை மயிரிழையில் தாண்டுகிறது. புதிதாகப் பிரிக்கும் வீட்டுக் காணிக்கு வழக்கமாகக் கேட்கப்படும் குறைந்தபட்ச அளவு அந்த 150தான், முகப்பு அகலம் 6 மீற்றர். உங்கள் காணி விதிகள் வருவதற்கு முன்பே தனித் துண்டாக இருந்திருந்தால், சற்றுக் குறைந்தாலும் அதைத் தனியாகவே பார்ப்பார்கள். அதை நிரூபிக்கப் பழைய உறுதியும் பழைய பிளானும் தேவை, ஆகவே புதிய அளவு வந்துவிட்டது என்று பழையதை எறிந்துவிடாதீர்கள். ஆனால் அப்பா ஒரு பெரிய காணியிலிருந்து ஒரு துண்டை வாங்கியிருந்தால், அந்தப் பிரிப்புக்கு அந்தக் காலத்தில் சபையின் அங்கீகாரம் எடுக்கப்பட்டதா என்று கேட்பார்கள். எடுக்காமல் உறுதி மட்டும் எழுதப்பட்ட துண்டுகள் கொழும்பில் நிறைய.

இனி எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வி. மாநகர சபையிடம் வீதிக்கோட்டுச் சான்றிதழ் கேளுங்கள். ஒழுங்கையைப் பிற்காலத்தில் எவ்வளவு அகலமாக்கத் திட்டம், அந்தக் கோடு உங்கள் காணிக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்பதை அது காட்டும். காலி வீதியின் மேலேயே இருக்கும் காணியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் சேரும், உள் ஒழுங்கைக்குப் பொதுவாக மாநகர சபை போதும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் காணி 30 அடி அகலம், ஐம்பத்து நாலரை அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். வீதிக்கோடு 5 அடி எடுக்கிறது. தரையும் ஒரு மேல்மாடியும் உள்ள வீட்டுக்குப் பின்பக்கம் வழக்கமாக விட வேண்டியது 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி. மீதி 42 அடி நீளம். அகலத்தோடு பெருக்கினால் 1260 சதுர அடி. ஆனால் வீட்டுக் காணியில் பொதுவாக 65 வீதத்துக்கு மேல் கட்டடம் மூடக் கூடாது. ஆறு பேர்ச்சில் 65 வீதம் ஏறக்குறைய 1060 சதுர அடி. ஆகவே தரைத் தளத்தில் உங்களுக்குக் கிடைப்பது இந்த 1060தான், மிச்சம் 200 சதுர அடியை முன்முற்றமாகவோ நடுவில் ஒரு திறந்த வெளியாகவோ விட வேண்டும். கார் ஒன்று நிறுத்த 8 அடிக்கு 16 அடி இடமும் கேட்பார்கள், அதை அந்த முன்முற்றத்தில் பொருத்தலாம்.

இரண்டாவது மேல்மாடி பற்றி யோசித்தால் இன்றே சொல்லுங்கள். உயரம் கூடினால் பின்பக்கத்து ஏழரை அடி பத்தடியாகும், 3 மீற்றர். "இப்போதைக்கு ஒன்று, தம்பி கல்யாணம் முடித்தால் இன்னொன்று" என்று கட்டிவிட்டு, பிறகு பின்சுவர் இரண்டரை அடி பின்னால் தள்ளி நிற்பதால் மேலே போக முடியாமல் இருக்கும் வீடுகள் வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கும். எல்லையில் நேராக எழுப்பும் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்து வீட்டுப் பக்கம் குளியலறை ஜன்னல் வேண்டுமானால் சுவரை உள்ளே தள்ள வேண்டும், அல்லது கூரை வரை திறந்த ஒரு சிறு வெளி விட வேண்டும்.

நான் மேலே சொன்ன அளவுகள் சாதாரண வீட்டுக்கான பொது விதி. 1986 இல் வந்த விதிகளின் இடத்தில் 2021 ஜூலையில் புதிய திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. கொழும்பு நகரத்துக்கென்று தனி அபிவிருத்தித் திட்டமும் வலயங்களும் இருக்கின்றன. உங்கள் ஒழுங்கை எந்த வலயத்தில் விழுகிறது, ஒழுங்கை எத்தனை அடி அகலம், எத்தனை வீடுகளுக்கு அதுதான் பாதை என்பவற்றைப் பொறுத்து அளவுகள் மாறலாம். ஆகவே என் கணக்கை வைத்துக் கல் இறக்காதீர்கள். சபையின் திட்டமிடல் பிரிவில் வீதிக்கோடு கேட்கும்போதே வலயத்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடற்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். நடுவில் ரயில் பாதையும் மரைன் டிரைவும் இருப்பதால் நமக்கு இது பொருந்தாது என்று வெள்ளவத்தையில் பலர் நினைக்கிறார்கள், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் வீடு 300 மீற்றருக்குள் வந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். மாநகர சபை கேட்கும் வரை காத்திருக்காமல் முதலிலேயே விசாரித்தால் நேரம் மிச்சமாகும். வெள்ளவத்தைக் கால்வாய் ஓரமாகவோ தாழ்நிலமாகவோ இருந்தால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் சம்மதமும் சேரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன், ஆனால் பழைய வாய்க்கால் ஒன்று காணிக்குப் பின்னால் போகிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

முற்றத்தில் பலா மரம் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதை இப்போது தொடாதீர்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் வெட்ட 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி தேவை, பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குத் திம்பிரிகஸ்யாய. முடிந்தால் மரத்தை முன்முற்றத்தில் விட்டு வீட்டை வரையச் சொல்லுங்கள். மேலே சொன்ன 200 சதுர அடி திறந்த வெளி எப்படியும் வேண்டும், அதில் பலா நிற்பதை விட நல்லது என்ன?

இவ்வளவும் கையில் வந்த பிறகு பிளான் வரைய ஆள் தேடுங்கள். பட்டயக் கட்டடக் கலைஞரோ, தகைமையும் சபையில் ஒப்புக்கொள்ளப்பட்ட பதிவும் உள்ள படவரைஞரோ கையொப்பமிட வேண்டும், மாடி வீட்டுக்குக் கட்டமைப்புப் பொறியியலாளரின் கையொப்பமும் வாங்குங்கள். "என் கையொப்பம் இல்லை, இன்னொருவரிடம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். அத்திவாரத்தில் கேள்வி வந்தால் அந்த இன்னொருவர் உங்கள் ஒழுங்கைக்கு வரமாட்டார். கடலோர மணலில் தூண் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை மண்ணைப் பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது.

விண்ணப்பத்தோடு பிளான், உறுதியின் பிரதி, சேவையர் பிளான், வரிச் சீட்டு, தேவையான மற்றத் திணைக்களங்களின் கடிதங்கள் எல்லாம் போகும். கட்டணம் தரைப் பரப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது, அவ்வப்போது மாறும், கவுண்டரில் கேட்பதே சரி. பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடம் பார்க்க வருவார். அவர் முதலில் பார்ப்பது பின் மதிலைத்தான். நாடாவின் ஒரு முனையை மதிலில் பிடித்து, பிளானில் உள்ள இடைவெளி நிலத்தில் இருக்கிறதா என்று அளப்பார், அதன் பிறகுதான் ஒழுங்கை அகலம், கழிவுநீர், பக்கத்து வீடுகள். அன்று வீட்டில் ஒருவர் சேவையர் பிளானோடு நில்லுங்கள், எல்லைக்கற்களைச் சுற்றிப் புல்லை வெட்டி வையுங்கள். அதன் பிறகு கோப்பு திட்டமிடல் குழுவுக்குப் போகும். எத்தனை நாளில் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கடதாசி முழுமையாக இருந்தால் சீக்கிரம் நகரும், வெளித் திணைக்களம் ஒன்றின் கடிதம் நின்றால் எல்லாமும் நிற்கும்.

சொந்தக்காரர் சொன்ன "ஆள்" பற்றி. உங்கள் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் விசாரிக்கவும் படவரைஞர் ஒருவருக்குக் கூலி கொடுப்பது தவறில்லை. ஆனால் சபைக்குப் போகும் பணம் எல்லாம் கவுண்டரில், ரசீதோடு. ரசீது இல்லாத பணம் கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கோப்பு எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்பு கொள்ள அரசியலமைப்பு உரிமை தருகிறது. சிங்களத்தில் வந்த கடிதம் விளங்காவிட்டால் ஊகித்துக் கையொப்பமிடாமல் தமிழில் கேட்டு வாங்குங்கள். அம்மா கையொப்பமிடும் எந்தத் தாளுக்கும் இது பொருந்தும்.

பழைய வீட்டை இடிப்பதற்கும் சபையிடம் கேட்க வேண்டும். அதற்கு முன் மின்மானியையும் நீர்மானியையும் முறைப்படி கழற்றச் செய்யுங்கள். கொழும்பின் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள கடல் வெளியேற்றுக் குழாய்களில் போய் முடிகிறது. உங்கள் பழைய வீடு அதில் இணைந்திருந்தால் புதிய வீட்டின் இணைப்பைச் சபையின் வடிகால் பிரிவோடு பேசி முதலே தீர்மானியுங்கள், மழைநீரை அதற்குள் விடக் கூடாது. வேலை நடக்கும்போது வாளி, தண்ணீர்த் தொட்டி, சிலாப்பின் மேல் தேங்கும் தண்ணீர் எதிலும் நுளம்பு பெருகினால் 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி வழக்கு வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கட்டட வேலைத்தளங்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அனுமதிப்பத்திரம் கிடைத்தால் ஒரு வருடத்துக்குச் செல்லும், முடியாவிட்டால் காலாவதியாகும் முன்பே நீட்டிக்கக் கேளுங்கள். கட்டும்போது அறை ஒன்றை மாற்றத் தோன்றினால், முதலில் திருத்திய பிளானைக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டு மாற்றுங்கள். முடிந்ததும் சபையிடம் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அனுமதித்த பிளானுக்கும் நிற்கும் வீட்டுக்கும் ஒற்றுமை இருக்கிறது என்று சொல்லும் சான்று அது, அது இல்லாமல் குடியேறக் கூடாது என்பதே சட்டம். வீட்டை விற்கும்போதும் வங்கியில் வைக்கும்போதும் முதலில் கேட்பது அதைத்தான். பலர் பால் காய்ச்சிக் குடி புகுந்த பிறகு இதை மறந்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து எடுக்கப் போனால், இடையில் போட்ட சீற் கூரையும் பின்பக்கத்துச் சலவை அறையும் குறுக்கே நிற்கும்.

இந்த வாரத்தில் செய்யக்கூடியவை இரண்டு. உறுதியோடு நொத்தாரிசு ஒருவரைப் பார்ப்பது, நில அளவையாளருக்கு நாள் குறிப்பது. பாஸிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், அனுமதிப்பத்திரத்தைக் காட்டும் அன்று மண்வெட்டியோடு வரலாம் என்று. உறுதியைப் படம் பிடித்துப் பொது இடத்தில் போடாதீர்கள், அதில் அடையாள இலக்கங்கள் இருக்கும். ஒழுங்கையின் அகலம், அது எத்தனை வீடுகளுக்குப் பாதை, காணியின் முகப்பு எத்தனை அடி என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். மேல்மாடிக்குப் பின்பக்கம் எவ்வளவு விட வேண்டிவரும் என்பதை இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.